முக்கோணத்தை எப்படிக் கத்துவது

அந்தப் பொண்ண உள்ள விடுங்க மேடம், ஒரு பெஞ்சு போதும், கடைசி பெஞ்சு... கேட்டேவிட்டாள் அறிவுமதி. பிள்ளைங்கள உள்ள விடச் சொல்லி யாரும் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது என்று பிரின்சிபால் மீட்டிங்கில் சொன்னபோது தலையாட்டிய டீச்சர்களில் அவளும் ஒருத்திதான், ஆனால் அப்போது ஜன்னலுக்கு வெளியே மரீஹா இல்லையே. கொரோனா என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியாயிற்று, டீச்சர்கள் மட்டும் தினமும் வந்து காலி வகுப்பில் போனைப் பார்த்துப் பாடம் நடத்த வேண்டும், வீட்டிலிருந்து நடத்தினால் மிக்ஸி சத்தம் கேட்கிறதாம், பள்ளிக்கு அசிங்கமாம், யாருக்கு அசிங்கம், எந்த வீட்டில் மிக்ஸி இல்லை? மரீஹா வீட்டில் போன்தான் ஒன்றே ஒன்று. அவள் அப்பா ஜலால் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், போன் அடித்தால்தான் லோடு, அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று எந்த வாயால் சொல்வது... அதனால்தான் ஒருநாள் அந்தப் பெண் தானாக வந்து, தெருப்பக்க ஜன்னலுக்குக் கீழே, சாக்கடையை மூடிய சிமெண்டுப் பலகையில் நோட்டோடு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அறிவுமதிக்குத் தொண்டை போயிற்று. போர்டில் எழுதுவதை எல்லாம் உரக்கப் படித்தாள், அடைப்புக்குறியைக்கூட விடவில்லை. மிஸ், போர்டுலதான் இருக்குதே, ஏன் மிஸ் ஏலம் வுடுறீங்க என்று செம்மல் கேட்டான், போனுக்குள் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும், கணக்கை ஏலம் விடலாம். இன்றைக்கு வடிவியல். முக்கோணத்தை எப்படிக் கத்துவது?

பிரின்சிபால் வகுப்பு வாசலிலேயே நின்றார், மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும். “இன்னிக்கு ஒண்ண விட்டா நாளைக்கு நாப்பது வந்து நிக்கும் அறிவுமதி. எவனாச்சும் போட்டோ புடிச்சுப் போட்டா ஸ்கூலுக்கு சீல் வெச்சிடுவான், சம்பளம் யார் குடுப்பா?” “வெளிய சாக்கடை மேல ஒக்காந்தா மட்டும் தொத்தாதா மேடம்?” “அது ரோடு. என் ஸ்கூல் இல்ல.” எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்... “அந்த ஜன்னல மொதல்ல சாத்துங்க. எக்கோ அடிக்குதுன்னு பேரண்ட்ஸ் கம்ப்ளெய்ண்ட்.” சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன மாதம் அவர் தம்பி உடம்பை ஆஸ்பத்திரியில் சுற்றிக்கட்டித்தான் கொடுத்தார்கள், முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை, அது இவளுக்கும் தெரியும், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல், முழுசாகக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிற நியாயம். கெடச்ச வேலைய வாயால கெடுத்துக்காதடி என்று காலையில் அம்மாவும் சொன்னாள். மில் மூடி அப்பா வேலை போன வீட்டின் முதல் டிகிரி, காலாப்பட்டு யூனிவர்சிட்டிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வாங்கியது, அதை வைத்துக்கொண்டு இப்போது என்ன, ஜன்னலைச் சாத்துவதா?

கையை ஜன்னல் வரைக்கும் கொண்டுபோனாள். கீழே மரீஹா நிமிர்ந்து பார்த்தாள், “மிஸ், இன்னிக்கு ஸ்கேல் கொண்டாரணுமா? கொண்டாந்துட்டேன்.” ஸ்கேல்... நாளைக்குப் படம் வரையணும் என்று நேற்று ஒரு வார்த்தை சொன்னது, அதைக்கூடக் கேட்டு வைத்திருக்கிறாள். போனில் கட்டம் கட்டமாக எல்லாரும் வந்துவிட்டார்கள், வெறும் பெயர்கள், முகமே இல்லாத கட்டங்கள், யார் இருக்கிறார்கள், யார் போனைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள், யாருக்குத் தெரியும். அறிவுமதி ஒரு கையில் போனை எடுத்தாள், இன்னொரு கையில் சாக்பீஸ். ஜன்னல் திறந்தபடியே கிடந்தது. தெருப்பக்கச் சுவர் போன வருஷம்தான் நீலம் அடித்தது, வெளியே போய் அதில் முக்கோணம் போட்டால் சாக்பீஸ் நன்றாகவே பிடிக்கும்... மிஸ், ஆடுது மிஸ், போர்டு தெரியல என்று போன் கத்தியது. தெரியும், இரு. கேட்டில் வாட்ச்மேன் அம்மாவாசை எழுந்து நின்றார், “இன்னாம்மா, கிளாஸ் இல்லியா?” “இருக்குதுண்ணா, கேட்டத் தொறங்க.” நாளைக்கு வேலை இருக்குமா, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, அம்மாவிடம் என்னவென்று சொல்வது? ஆனால் இந்த முடிவை இப்போதா எடுத்தாள்? முதல்நாள் குரலை உயர்த்தினாளே, அன்றைக்கே எடுத்ததுதான், பிரின்சிபாலிடம் வாய்விட்டுக் கேட்டதுதான் லேட். ஒன்று மட்டும் இடித்தது, இத்தனை நாள் கத்தியது மரீஹாவுக்காகத்தானா, இல்லை யாராவது ஒருத்தராவது நிஜமாகக் கேட்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத் தனக்காகவேவா... மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.