பழகின கம்பி

என் கணவர் விக்ரமின் அண்ணன் கிறிஸ்டோபர், முசரவாக்கம் போகும் சாலையில் சிக்கன் சுட்டு விற்கிறார். பாதியாக வெட்டிய இரும்பு டிரம், உள்ளே கரி, மேலே கம்பி வலை. கடை திறந்த நாளிலிருந்து அந்த வலையில் தண்ணீர் பட்டதில்லை. கருகிய கொழுப்பு தார்போல் ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்தால் கரப்பான்கள் சிதறி ஓடும். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் கேட்டேன்.

"மாமா, இதக் கழுவக் கூடாதா?"

"தோசைக்கல்ல யாராவது சோப்பு போட்டுத் தேய்ப்பாங்களாம்மா? இதுவும் அப்படித்தான். கம்பி பழகிக்கினு இருக்குது. கழுவினா கறி ஒட்டும்."

"கரப்பான் ஓடுது மாமா."

"ஓடட்டும். நெருப்புல எல்லாம் செத்துப்பூடும்." தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தார். "டேய், உன் பொண்டாட்டி உன்னையும் பினாயில் ஊத்தித்தான் உள்ள விடறாளா?"

விக்ரமும் சிரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் பினாயில். என் மாமியார் எல்லம்மாள்கூட, "ஏ பினாயில், தண்ணி கொண்டா" என்றுதான் கூப்பிடுவார். சுகாசினி என்று என்னைக் கூப்பிட்டது விக்ரம் மட்டும்தான்.

போன டிசம்பரில் யாரோ ஒருவர், கறியில் ஒட்டியிருந்த கரிப்பொருக்கைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார். கூட்டம் குறைந்தது. அப்போதுதான் கிறிஸ்டோபருக்கு வலையைச் சுரண்ட வேண்டும் என்று தோன்றியது.

பக்கத்து வீட்டு முனிரத்தினம் பட்டு நெய்பவர். துருப்பிடித்த அச்சு ஒன்றை வாசலில் எறிந்திருந்தார். இழைகளைப் பிரித்து நிறுத்துவதற்காகத் தறியில் மாட்டுவது அது. சீப்பின் பற்களைப்போல மெல்லிய எஃகுத் தகடுகளை நெருக்கி அடுக்கியிருக்கும். துரு ஏறிவிட்டால் பட்டு இழையை அறுத்துவிடும் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். கிறிஸ்டோபர் அதை எடுத்து இரண்டாக ஒடித்து, பாதியால் வலையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"யப்பா, அது உதிரும்பா. வேணாம்" என்றார் முனிரத்தினம்.

"உதிர்ந்தா இன்னா? நான் இன்னா பட்டா நெய்யறேன்?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் முதல் தட்டை விக்ரமிடம் நீட்டினார். "கம்பியப் பார்றா, பளபளன்னு. பினாயில்கிட்ட போய் சொல்லு."

பசியோடிருந்த விக்ரம் அவசரமாகத் தின்றார்.

செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி தொடங்கியது. கேஸ் என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். "இவ சமையல் செரிச்சாத்தானே" என்றார் மாமியார். காய்ச்சல் ஏறி, வயிறு பலகைபோல் இறுகிய பிறகுதான் ஆட்டோ பிடித்தோம். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினார். உள்ளே ஒரு தகட்டுத் துணுக்கு, சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இருக்காது. குடலைக் குத்தி ஓட்டையாக்கி, உள்ளெல்லாம் சீழ் பரவியிருக்கிறது என்றார். விக்ரமுக்கு நினைவு திரும்பவே இல்லை.

பாட்டிலை நான் கிறிஸ்டோபரிடம் நீட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை.

"அவன் மெக்கானிக்கு. எப்பவும் வாயில கம்பியக் கடிச்சிக்கினு நிப்பான். எங்க முழுங்கினானோ" என்றார். சற்று நேரத்தில் வெளியே உறவினர்களிடம் அவர் பேசுவது கேட்டது. "கழுவு கழுவுன்னு உயிர வாங்கினா. பழகின கம்பிய இவளுக்காகத்தான் சுரண்டினேன். இப்ப தம்பியே இல்ல."

இரண்டையும் எல்லாரும் நம்பினார்கள். வீட்டைவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. நான் நடந்தால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. விக்ரமைக் கொன்றது அந்த அச்சு என்று அந்த வீட்டில் ஒருவர், ஒரே ஒரு தடவை, வாய்திறந்து சொல்ல வேண்டும்.

நினைவு ஜெபத்தன்று போதகர் சாமுவேல் ஜெபித்துவிட்டுப் போனார். சாப்பாட்டில் சிக்கன் இருந்தது. அதே டிரம்மில் சுட்டது. என் தட்டில் மாமியார் ஒரு கோழிக்காலை வைத்தார்.

"சாப்பிடு. உனுக்குப் புடிச்ச மாதிரி நல்லாத் தேய்ச்சிட்டுத்தான் சுட்டிருக்குது."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

எதிரே கிறிஸ்டோபர் தன் மகள் திரிஷாவை மடியில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், தானாகவே சாப்பிடுவாள். அவர் கறியை நார் நாராகப் பிய்த்தார். ஒவ்வொரு நாரையும் கட்டைவிரலால் நசுக்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பிறகுதான் அவள் வாயில் வைத்தார். அவள் சலித்துக்கொண்டாள். "சீக்கிரம் குடுப்பா."

"இன்னா தேடறீங்க மாமா?" என்று கேட்டேன்.

பேச்சு நின்றது. அவர் கை மட்டும் நிற்கவில்லை.

"எலும்பு" என்றார்.

அது எலும்பு நீக்கிய நெஞ்சுக்கறி. அதில் எலும்பே கிடையாது. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த நாரை அவர் நசுக்கத் தொடங்கினார்.

"அங்க இன்னா பார்வை?" என்றார் மாமியார். "உன் தட்டுல இருக்குறதத் துன்னு. ஆறிப்போவுது."