கழிவறைச் செருப்பு

எங்கள் மழலையர் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருபவனுக்கு ஜப்பானிய மொழி தெரியக் கூடாது; அப்போதுதான் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவார்களாம். நான் ஜப்பானிலேயே, ஒசாகாவில் பிறந்த கல்லூரி மாணவன்; அந்த மொழி நன்றாகவே தெரியும். வேலைக்காகத் தெரியாததுபோல் நடித்துவந்தேன்.

அன்று பெற்றோர் வகுப்பைப் பார்க்கும் நாள். "இன்னைக்காவது புள்ளைங்க இங்கிலீஷ் பேசணும் தம்பி. இல்லேன்னா உன் வகுப்பை நிறுத்திடுவேன்," என்று தலைமையாசிரியை குவாபரா தனியாக எச்சரித்திருந்தார்.

பதற்றத்தில் கழிவறைக்குப் போனவன், அங்கேயே விட்டுவர வேண்டிய செருப்போடு வகுப்புக்குள் நுழைந்துவிட்டேன்.

நாலு வயது சிஹாயா ஜப்பானிய மொழியில் அலறினாள். "ஐயையே! சார், அது கக்கூஸ் செருப்பு!"

பின்னால் தாய்மார்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காது சுட்டது. ஆனாலும் புரியாதவனாகச் சிரித்தேன்.

"இந்த சாருக்கு ஒண்ணும் புரியாதுடி," என்றான் கனாத்தா.

"புரிய வெக்கிறேன் பாரு."

அவள் என் காலைக் காட்டி மூக்கைப் பிடித்தாள். நான் தலையைச் சொறிந்தேன். அவள் தரையை உதைத்து ஆங்கிலத்தில் கத்தினாள்: "டாய்லெட்! ஷூஸ்! நோ!"

இதுவரை என் வகுப்பில் ஒரு ஆங்கில வார்த்தைகூடப் பேசாதவள். தாய்மார்களோடு இருந்த குவாபரா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் விழித்துக்கொண்டே நின்றேன். மொத்த வகுப்பும் எழுந்தது: "நோ, டீச்சர்! கோ! டாய்லெட், கோ!"

தாய்மார்கள் கைதட்டினார்கள். மணி அடிக்கும்வரை நான் செருப்பைக் கழற்றவே இல்லை.