விட்டுப்போன பெயர்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்ததால் பிளம்பர் ஜெபத்தை ஓட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் மனைவிக்குப் பேச்சு நின்றுபோனதிலிருந்து காலை ஜெபம் அவர் தலையில் விழுந்திருந்தது. அதுவரை அவள் ஜெபிப்பாள், அவர் ஆமென் சொல்வார், அவ்வளவுதான். இப்போது அவள் படுத்தபடி கேட்பாள். யார் பெயராவது விட்டுப்போனால் விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள்.

அவர் விடுவது எப்போதும் அவள் தம்பியைத்தான். லாரி டிரைவர். அக்கா விழுந்த பிறகு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவன். எந்த டாக்டர், என்ன மருந்து என்று போனில் யோசனை மட்டும் சொல்வான். அவனுக்கு ஜெபம் ஒன்றுதான் கேடு என்று முணுமுணுப்பார். அவள் தட்டுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்துக்கொள்வார். குரல் பிடிக்காவிட்டால் மறுபடியும் தட்டுவாள். தினமும் இப்படி மல்லுக்கட்டியதில், ஆண்டவரிடமே சலித்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு நெருக்கம் வந்திருந்தது.

"எல்லாரையும் காத்துக்கொள்ளும். ஆமென்."

தட்டல் வரவில்லை. ஒருவழியாக விட்டுவிட்டாள் என்று எழப் போனவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். விரல் சட்டத்தின் மேலேயே இருந்தது.

"சரி, கோவிச்சுக்காத. சொல்றேன்."

தம்பி பத்திரமாக வண்டி ஓட்ட வேண்டும் என்று கேட்டார். குரல் சரியில்லையோ என்று இன்னொரு முறையும் கேட்டார். பால் பொங்கித் தீயும் வாடை வந்த பிறகுதான் அவள் கையைத் தொட்டார். சில்லிட்டிருந்தது.

தம்பி மதியமே வந்துவிட்டான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. சவப்பெட்டியை இப்படி வை, நாற்காலியை அப்படிப் போடு என்று எல்லோரையும் விரட்டினான். அவன் லாரியை வாசலை அடைத்து நிறுத்தியதில் சவ வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பெட்டியைத் தோளில் தூக்க வேண்டியதாயிற்று. முன்னால் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அவன்.

"அக்காவ அந்த மாதிரி பாக்க எனக்குத் தைரியம் வரல மாமா," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவளுக்கு உன்னப் பாக்கணும்னு இருந்துச்சு."

அவன் அவரைவிட ஒரு சாண் உயரம். பெட்டி அவர் பக்கம் சரிந்து பாரமெல்லாம் அவர் தோளில் இறங்கியது. தூக்குவதற்கு இவனைத்தானா பார்த்து என்னோடு சேர்த்தீர் என்று மனதுக்குள் ஆண்டவரிடம் சிடுசிடுத்தார்.

பாரம் குறைந்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தார். அவன் முழங்காலை மடக்கி, அவர் உயரத்துக்குக் குனிந்தபடி நடந்துகொண்டிருந்தான்.