தங்கராஜு, வயது ஏழு

மூன்று வருடம் மனுப் போட்டுத் தோற்று, நாலாவது வருடம்தான் பிரேமலாவுக்கு அந்த ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. கூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் பழைய ஆஸ்பத்திரி மரணப் பதிவேடுகளைப் படமெடுத்து, பெயர்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அதை நம்பி டியூஷன் வேலையையும் விட்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி சும்மா விடுவானா? ஒரு பெயர் விட்டுப்போனாலும் மீதித்தொகை கிடையாது, முழுப் பட்டியலும் ஊரறிய இணையத்தில் ஏறும் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

மங்கிய மை ஆளை ஏமாற்றும். அதனால் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்த பிறகே கணினியில் ஏற்றுவாள். அன்று மத்தியானம் தோட்ட ஆபீஸில் அவளைத் தவிர யாருமில்லை.

"தங்கராஜு. வயது ஏழு. தாய் காளியம்மா. காய்ச்சல். 1953."

படித்த வாய் மூடவில்லை, கைப்பேசி அடித்தது. தம்போய் வீட்டிலிருந்து அப்பா.

"என்னைக் கூப்பிட்டியாம்மா? காதுக்குள்ள கேட்டுச்சு."

அலமாக்! அவள் பதிவேட்டை மறுபடி பார்த்தாள். அப்பாவின் பெயர் தங்கராஜு. தாயார் காளியம்மா. வயதுக் கணக்கும் பிசகவில்லை. ஏழு வயதில் செத்துப்போனவர் எழுபத்தெட்டு வயதில் போனில் பேசுகிறார்.

தீபாவளிக்கு முதல் நாள், செத்தவர்களுக்குப் படைக்கும்போது, அப்பா ஒரு சின்னக் கால்சட்டையும் வாங்கி வைப்பார். யாருக்கு என்று கேட்டால், "ஒரு கூட்டாளிக்கு" என்பார். அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டின் படத்தைக் காட்டியதும், அவர் அந்தப் பெயரை விரலால் தடவினார்.

"எனக்குப் பொறந்த சூராட்டே, அந்தப் பொறப்புப் பத்திரமே கெடையாதும்மா. தோட்டத்து லயத்து வீடுங்கள்ல ஒண்டிக்கிட்டிருந்த அநாதை நான். இந்தக் கூட்டாளி செத்த மறுவாரம் காளியம்மா அவனோட சூராட்டை எடுத்து என் கையில வெச்சாங்க. அதுக்கப்புறம் அவங்க வாசல்ல நின்னு 'தங்கராஜு'ன்னு கூப்பிட்டா, நான் ஓடுவேன். எனக்கு முன்னாடி இன்னொரு காலடிச் சத்தம் ஓடும்."

பிரேமலா படத்தை மூடினாள்.

"இந்தப் பேரை விட்டுடறேம்பா. நாளைக்கு எவனாவது பட்டியலைப் பார்த்து உங்க அடையாள அட்டை ஐசியைத் தோண்டினா? இந்த வயசுல நாடில்லாதவரா நிப்பீங்களா? மீதிக் காசு போனாப் போகுது."

"எழுபது வருஷமா அவன் பேர்ல சாப்பிட்டாச்சு. கால்சட்டையைத் தவிர எதைத் திருப்பிக் குடுத்தேன்? அவன்னு ஒருத்தன் செத்தான்னு சொல்ற காகிதம் இது ஒண்ணுதான். இதையும் நானே முழுங்கணுமா? போடு."

"அப்போ உங்க பேரு என்னப்பா?"

கிழவர் யோசித்தார். உதடு இரண்டு முறை அசைந்து நின்றுபோனது.

"ஞாபகமில்லைம்மா. யாரும் கூப்பிடலையே."

அவள் அழுதுகொண்டே கணினியைத் திறந்தாள். பழக்க தோஷம், பெயரை வாய்விட்டுப் படித்தாள்.

"தங்கராஜு."

அப்பா திரும்பவில்லை. பின்வாசல் பக்கம் பார்த்தபடி கையை மட்டும் உயர்த்தினார்.

"உஷ்... இரும்மா. அவன் பதில் சொல்லட்டும்."