எதிரிக்கு முன்னால் மூன்று பேர்

சபையில் திருவிருந்து நாளன்று அப்பமும் ரசமும் வாங்க நான் எழுந்து போவதில்லை. தம்பி முன் பெஞ்சில் இருப்பான், நான் கடைசியில். அம்மா சாகக் கிடந்தபோது எனக்குச் சொல்லி அனுப்பாதவன் அவன். மண் போட்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.

"பகையை வச்சுக்கிட்டு வந்து கை நீட்டக் கூடாது" என்பார் போதகர். சரி, நீட்டவில்லை. உள்ளே ஒன்று வெளியே ஒன்று எனக்கு வராது. ஆனால் வயதாகிவிட்டது. அந்த அப்பத்தைத் தொடாமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயம்.

"மன்னிச்சிடுங்க, அவ்வளவுதானே" என்பாள் பெண்டாட்டி. எப்படி என்று கேட்டால், "போதகரைக் கேளுங்க" என்பாள். போதகரிடம் கேட்டேன். ஜெபம் பண்ணச் சொன்னார். பண்ணினேன். தம்பி பெயர் வந்ததும் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

நான் கேட் வெல்டிங் செய்கிறவன். பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவன் புத்த மதக்காரன். சிலையைக் கும்பிடுகிறவன் என்று தள்ளியே வைத்திருந்தேன். காலையில் பிரஷைத் தொடுவதற்கு முன் கண்ணை மூடி உட்காருவான். ஒருநாள் எரிச்சல் தாங்கவில்லை.

"என்னடா, எனக்குச் சூனியம் வைக்கறியா?"

"நீங்க நல்லா இருக்கணும்னு நெனச்சுக்கறேன் அண்ணே. முதல்ல நான் நல்லா இருக்கணும். அப்புறம் எனக்குப் பிடிச்சவங்க. அப்புறம் யாருன்னே தெரியாத ஒருத்தர். கடைசியாத்தான் எதிரி. இன்னைக்கு அது நீங்க."

"நான் உன்னை என்னடா பண்ணேன்?"

"நேத்து எல்லார் முன்னாடியும் திட்டினீங்களே."

"சரி, யார்கிட்ட கேக்கறே?"

"யார்கிட்டயும் இல்ல. விரும்பறேன், அவ்வளவுதான்."

"அப்ப எப்படிடா போய்ச் சேரும்?"

"உங்களுக்குச் சேருதோ இல்லையோ, எனக்குக் கோவம் போயிடுச்சு."

ஆள் இல்லாமல் கேட்பது எனக்கு ஒத்துவராது. ஆண்டவரை முன்னால் நிறுத்தி, அதே வரிசையில் செய்து பார்த்தேன். மூன்று பேர் சுலபமாகப் போனார்கள். தம்பிக்கு, பல்வலி வராமல் இருக்கட்டும் என்பது வரைதான் வந்தது. விடாமல் செய்தேன். கொஞ்ச நாளில், அவன் நன்றாகத் தூங்கட்டும் என்றும் வந்தது. அம்மாவின் மூச்சு நின்றபோது அந்த அறையில் அவன் தனியாகத்தானே இருந்திருப்பான் என்று அப்போதுதான் தோன்றியது.

போதகரிடம் மறைக்காமல் சொன்னேன்.

"அது வேற மதத்துப் பழக்கமாச்சே" என்று முகம் சுளித்தார்.

"எதிரியை நேசிக்கச் சொன்னது நம்ம ஆண்டவர்தான் ஐயா. அதுல மாத்தமில்ல. எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு அவன் காட்டினான். நல்லதை நல்லதுன்னு சொன்னா குத்தமா?"

யோசிக்க வேண்டும் என்றார். யோசிக்கட்டும்.

அடுத்த திருவிருந்தன்று நேராக முன் பெஞ்சுக்கு நடந்தேன். தம்பி நிமிர்ந்து பார்த்தான், அடிக்க வருகிறேன் என்று நினைத்திருப்பான்.

"தள்ளி உக்காருடா."

தள்ளினான். உட்கார்ந்தேன். போதகர் அழைத்ததும் சேர்ந்தே எழுந்தோம்.