காற்று வரும் இடம்

அந்தத் தையல் கூடத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது காய்ச்சல் என்றால், மின்விசிறிக்குப் பக்கத்து இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்கள். லீவு என்று வாயெடுத்தால் சூப்பர்வைசர் முகம் கடுகடுக்கும். அதனால் தங்களுக்குள் கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த விசிறி நின்றது வரிசையின் தலைமாட்டில். அது வீசினால் மொத்த வரிசைக்கும் சேர்த்துத்தான் வீசும்.

காலர் தைப்பவளுக்கு அந்த வாரம் உயிரெல்லாம் தங்கையிடம் இருந்தது. பத்து வருஷம் ஏங்கிய பிறகு தங்கைக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள். குறைமாதம், கைக்கடக்கமான உருவம். "சளி, இருமல் உள்ளவங்க வாசப்படியே மிதிக்கக் கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவள் இவள். பிள்ளையை முதலில் கையில் வாங்க வேண்டியவளும் இவள்தானே!

ஆகவே பஸ்ஸில் முகக்கவசம். கம்பியைத் தொட்டால் உடனே சோப்பு. எதிரில் எவனாவது தும்மினால் ஒரு முறைப்பு.

"பெத்தவளே இவ்வளவு பத்தியம் இருக்க மாட்டா" என்று கேலி செய்தாள், கூடத்தில் பக்கத்து மெஷினில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள்.

செவ்வாய்க்கிழமை அதே காஜாக்காரி மூக்கு சிவந்து, உடம்பு அனலாக வந்து உட்கார்ந்தாள். காலர்க்காரிக்கு மனசு கேட்கவில்லை. தானே எழுந்துபோய் நாற்காலியை விசிறிப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இங்க வந்து உக்காருடி. கொஞ்சம் காத்து படட்டும்."

இத்தனை உஷாரான மனுஷி, அந்தக் காற்று காஜாக்காரியைத் தொட்டுவிட்டு அடுத்து எங்கே போகும் என்று யோசிக்கவே இல்லை. முகக்கவசம் கைப்பையில் மடங்கிக் கிடந்தது. அது பஸ்ஸில் வரும் அந்நியர்களுக்கு. இங்கே எல்லோரும் நம்ம பெண்கள் அல்லவா!

வெள்ளிக்கிழமை வரிசை முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை காலர்க்காரியின் தொண்டை கரகரத்தது. "துணித் தூசிதான்" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வெந்நீர் குடித்தாள். கரகரப்பு போகவில்லை. இவளாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

தங்கை கதவைத் திறந்தாள். தோளில் பிள்ளை.

"ஏன்க்கா கீழயே நிக்கிறே? வா, வந்து வாங்கிக்கோ."

"தொண்டை லேசா..."

"தொண்டைதானே? ஒரு நிமிஷம் வெச்சுட்டுக் குடு. நீ தூக்காம வேற யாரு தூக்குறது?"

எவ்வளவு அன்பு அந்தக் குரலில்! காஜாக்காரியைக் கூப்பிட்டபோது தன் குரலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தங்கை பிள்ளையை நீட்டிக்கொண்டே ஒரு படி இறங்கினாள்.

"கிட்ட வராதே!"

தங்கையைப் பார்த்து அவள் கத்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தங்கையின் முகம் சுண்டிப்போனது. பிள்ளை திடுக்கிட்டு வீரிட்டது. குறைமாதக் குழந்தைக்கு இவ்வளவு குரலா என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நின்று கேட்டிருப்பாள்.

"கதவைச் சாத்திக்கோடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அடக்கி வைத்திருந்த இருமலைத் தெருமுனை தாண்டிய பிறகுதான் இருமினாள். அதற்குப் பிறகு அழுதாள்.