உப்பு எட்டாத மேஜை

சாவித்ரி கடைசியாக உப்புமா கிளறிய காலையில், வானவடி ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜை பதினோரு அடி நீளம் இருந்தது. வாங்கும்போது நான்கரை அடி. கூடமே பத்தடிதான், அது எப்படி என்று கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. எதிரெதிரே உட்கார்ந்தவர்களில் ஒருவர் கொடுத்த வாக்கை மீறியிருந்தால் மேஜை நீளும், அவ்வளவுதான். சாவித்ரியின் கணவர் கிருஷ்ணஸ்வாமி, நாடுகள் ஒப்பந்தத்தை மீறப்போவதை முன்கூட்டியே கண்டு தடுப்பது எப்படி என்று ராணுவ அதிகாரிகளுக்கு முப்பது வருடம் பாடம் நடத்தியவர். அவர் நான்தான். செய்த காரியத்துக்கு ‘நான்’ என்று எழுதக் கூச்சமாக இருப்பதால் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். மேஜை நீளும்போதெல்லாம் டேப்பால் அளந்து குறித்துக்கொள்வது அவர் பொறுப்பு.

பிள்ளையார் ஊர்வலம் மசூதியைத் தாண்டும்வரை பத்து நிமிடம் தோல் மேளம் அடிப்பதில்லை என்று, மண்டல் என்ற விழாக் குழுவை நடத்தும் பாஸ்கருக்கும் கீழ்வீட்டு இர்பானுக்கும் பேச்சு. ஒரு வருடம் பாஸ்கரின் ஆட்கள் அடித்தார்கள். இர்பானின் ஆட்கள் பந்தல் துணியைக் கிழித்தார்கள். மறுவருடம் இரண்டு பக்கமும் கம்பு சேர்ந்திருந்தது. கிருஷ்ணஸ்வாமி இருவரையும் மேஜையில் உட்கார்த்தி, பதினான்கு ஷரத்துகள் கொண்ட வரைவை வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் பன்னிரண்டு அடி மேஜை பத்தொன்பது ஆயிற்று. சாவித்ரி உப்பில்லாத உப்புமாவையும் ஒரே ஒரு உப்பு ஜாடியையும் கொண்டுவந்து வைத்தாள்.

“மாமி, உப்பே இல்லையே.”

“பாஸ்கர் கிட்ட இருக்கு. கேளு.”

இர்பான் நான்கு வாய் வெறுமனே தின்று பார்த்தான். “டேய், அதை இங்க தள்ளுடா.”

“உப்புக்கு மட்டும் நான் வேணும், என்ன?” என்று பாஸ்கர் தள்ளினான். மேஜை ஒரு சாண் குறைந்தது. இரண்டாம் தட்டில் முழங்கால்கள் இடித்துக்கொண்டன. அந்த வருடம் பத்து நிமிடமும் தோல் அடிக்கவில்லை. ஒன்பதாவது ஷரத்துதான் காரணம் என்று கிருஷ்ணஸ்வாமி டில்லிக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார்.

கட்டுரை வாசித்த அன்றுதான் சாவித்ரியை இதய டாக்டரிடம் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். திரும்பி வந்தபோது மேஜை பதினோரு அடி. குறித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், விளக்கம் தயாரித்தார். மூன்றாம் நாள் காலை உப்புமா. ஜாடி அவள் பக்கம்.

“ஏன்னா, உப்பு வேணுமா?”

“வேண்டாம். சரியாத்தான் இருக்கு.”

“நான் போடவே இல்லையே!”

சிரித்தாள். சிரித்தபடியே தலையை மேஜைமேல் சாய்த்தாள். பதினோரு அடியும் ஓடிப்போய்த் தொட்டபோது கை சூடாகத்தான் இருந்தது. தூரத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்றார் டாக்டர். அவர் மேஜையைப் பார்த்ததில்லை.

தலைமாட்டில் பாஸ்கரும் கால்மாட்டில் இர்பானுமாகப் படியிறக்கினார்கள். இப்போதும் ஊர்வலத்துக்கு முன் இருவரும் வருகிறார்கள். உப்புப் போட மறந்த உப்புமாவைக் கிருஷ்ணஸ்வாமி பரிமாறுகிறார். அவர்களுக்கு மேஜை மூன்றடி. அவர்கள் போனதும் பழையபடி நீண்டுவிடுகிறது. அவர் தினமும் உப்புக் கேட்டுப் பார்த்தார். மன்னிப்பை எழுதி இரண்டு பிரதிகளில் கையெழுத்துக்கூடப் போட்டார். ஜாடி அவள் பக்கத்திலேயே இருக்கிறது. நான் எழுந்து நடந்துபோய் எடுத்துக்கொள்கிறேன். இன்று காலையும் அளந்தேன். பதினோரு அடி.